நூற்றெண்பது டிகிரி

தூத்துக்குடியில் சக்கரங்கள் தரையை விட்டபோது மணி மூன்று ஐந்து. திருவனந்தபுரத்தில் ஓடுபாதையை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போனால் நாற்பத்தாறு நிமிடம். மூன்று ஐம்பத்தொன்றுக்கு இறங்கிவிடலாம், ஒன்பது நிமிடம் மிச்சம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வலது பக்க இருக்கையில் பெரியத்தான், என் கணவரின் அண்ணன் அனந்தபத்மநாபன், இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னாலும் ஒரு சுக்கான் இருந்தது. இந்த வகை விமானத்தில் இரண்டு பக்கமும் சுக்கான் உண்டு. நான் என் பக்கத்தைத் திருப்பினால் அவர் பக்கமும் தானாகத் திரும்பும். அது திரும்பும்போதெல்லாம் தொட்டுவிடக் கூடாதே என்று அவர் முழங்கால்களை ஒடுக்கிக்கொள்வார்.

அன்று ஐப்பசி ஆறாட்டு. பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சுவாமி கடலில் நீராடச் சங்குமுகம் போகிற பாதையின் குறுக்கேதான் எங்கள் விமானநிலையம் இருக்கிறது. பாதை பழையது, ஓடுபாதை பிறகு வந்தது. அதனால் வருடத்தில் இரண்டு நாள், ஐப்பசியிலும் பங்குனியிலும், சாயங்காலம் சில மணிநேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போய்த் திரும்பும். பெரியத்தான் முப்பத்திரண்டு வருடமாக ஒரு ஆறாட்டைக்கூட விட்டதில்லை. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் அவருடைய பலசரக்குக் கடை அந்த இரண்டு நாளும் மதியத்தோடு அடைத்திருக்கும். செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு ஊர்வலத்தின் பின்னால் கடல் வரை நடப்பார்.

இந்த வருடம் அதே நாளில் தூத்துக்குடியில் அவருடைய பேத்திக்குப் பெயரிடும் சடங்கு. மகள் ஷில்பாவுக்கு இரண்டாவது குழந்தை. தாய்வழித் தாத்தா கையால் அரைஞாண் கட்ட வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். காரில் போனால் போக நான்கு மணிநேரம், வர நான்கு மணிநேரம். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். பெரியத்தான் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டில் மட்டும் குறைவு தெரிந்தது. அப்போது நான்தான் சொன்னேன்.

"அத்தான், காலையில நான் கொண்டுபோறேன். நாலு மணிக்குள்ள திரும்பக் கொண்டாந்து விட்டுருவேன்."

"ஒனக்குச் சிரமமில்லியா வேணி?"

"சிரமமா? சும்மா நாப்பது நிமிசம்."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் தனியார் விமானி உரிமம் எடுத்தேன். எனக்கும் என் கணவர் ஸ்ரீகுமாருக்கும் லிஃப்ட் பராமரிப்புத் தொழில். ஒரு லிஃப்டைத் தாங்குவது கயிறுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கயிறு அறுந்தாலும் பெட்டி கீழே போகாமல் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தாடைகள் அடியில் இருக்கின்றன. அவற்றைக் கழற்றிக் காட்டி விளக்குவதில் எனக்கு அலுப்பே வராது. விமானத்தின் மேல் ஆசை வந்ததும் அப்படித்தான். எது எதைத் தாங்குகிறது, அது விட்டுப்போனால் அடுத்து எது தாங்கும் என்று தெரிந்துகொள்கிற ஆசை. விமானப் பயிற்சிக் கிளப்பின் நான்கு இருக்கை விமானத்தை மாதத்தில் இரண்டு முறை வாடகைக்கு எடுத்துப் பறப்பேன். பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தபோது பெரியத்தான், "அவ படிச்சிட்டாக்கும் செய்யா" என்றார். அதோடு முடிந்தது. நான் கல்யாணமாகி வந்து இருபது வருடம். அவரிடம் ஒருமுறைகூட 'முடியாது' என்று சொல்லும்படி நேர்ந்ததில்லை.

சடங்கு பதினொன்றரைக்கே முடிந்துவிட்டது. ஆனால் புதன்கிழமை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம். குழந்தையைப் பார்த்துவிட்டு ராகுகாலத்திலா படியிறங்குவது என்று சம்பந்தி வீட்டில் யாரும் எங்களை எழுந்திருக்கவே விடவில்லை. ஒன்று முப்பத்திரண்டுக்கு இறங்கினோம். பாதி வழியில் பெரியத்தான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். டிரைவர் வண்டியைத் திருப்பட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம். எறங்கியாச்சு. எறங்குன பெறகு திரும்பக் கூடாது. கண்ணாடி தபால்ல வரட்டு."

எங்கள் குடும்பத்தில் இது கண்டிப்பான வழக்கம். புறப்பட்ட காலைத் திருப்பக் கூடாது. எதை மறந்தாலும், மழை கொட்டினாலும், வண்டி பஞ்சரானாலும் முன்னால் போய்த்தான் சமாளிக்க வேண்டும். ஒருமுறை கல்யாணத்துக்குத் தாலியை வீட்டில் வைத்துவிட்டு வந்த வீட்டார் நாங்கள். அப்போதும் திரும்பவில்லை. ஆள் வைத்துக் கொண்டுவரச் செய்தோம்.

விமானநிலையத்தில் பாதுகாப்புச் சோதனை, பறப்புத் திட்டம், எரிபொருள். பிறகு பயணிகள் விமானம் ஒன்று இறங்கும்வரை காத்திருப்பு. இரண்டரைக்கு ஏற வேண்டியவர்கள் மூன்று ஐந்துக்கு ஏறினோம். வானிலை அறிக்கை நன்றாகவே இருந்தது. தூத்துக்குடியில் வெயில். திருவனந்தபுரத்தில் சிறு மேகங்கள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். விமானநிலையங்கள் தங்கள் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைத்தான் சொல்லும். நடுவில் இருக்கிற மலைக்கு அறிக்கை எழுத ஆள் கிடையாது. ஐப்பசி மத்தியானங்களில் மலையோரம் எப்படி இருண்டுவரும் என்று திருவனந்தபுரத்தில் துணி உலர்த்துகிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வள்ளியூர் தாண்டியதும் மகேந்திரகிரி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. மலையின் அடிவாரம் மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் மலை எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதபடி மேகம் மூடியிருந்தது. கணவாயின் வாய் மட்டும் திறந்திருந்தது. உள்ளே, தூரத்தில், நாகர்கோவில் பக்கம் மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

இன்னொரு வழி உண்டு. மலையே இல்லாத தெற்குப் பக்கம் இறங்கி, கன்னியாகுமரியைச் சுற்றி, கடலோரமாகவே மேலேறலாம். கூடங்குளத்தை நெருங்கக் கூடாது என்பதால் வளைத்துப் போக வேண்டும். பன்னிரண்டு நிமிடம் கூடும். பன்னிரண்டு என்றால் நான்கு மூன்று.

நான் கணவாய்க்குள் போனேன்.

கீழே காற்றாலைகள். நூற்றுக்கணக்கில், வெள்ளை வெள்ளையாக. காற்றாலை தன் தலையைக் காற்று வருகிற பக்கம் தானே திருப்பிக்கொள்ளும். அதனால் மேலிருந்து பார்க்கிற விமானிக்கு அது நல்ல காற்றுகாட்டி. எல்லாத் தலைகளும் மேற்கைப் பார்த்திருந்தன. நாங்கள் போகிற திசையிலிருந்து காற்று எங்களுக்கு எதிராக அடிக்கிறது என்று அர்த்தம். மழைமேகம் தண்ணீரைக் கொட்டும்போது கூடவே குளிர்ந்த காற்றையும் கொட்டும். அந்தக் காற்று தரையில் மோதி நான்கு பக்கமும் பரவும். இந்த எதிர்க்காற்று அங்கே முன்னால் எங்கோ கொட்டிக்கொண்டிருக்கிற மழையின் மூச்சு. கருவியில், போய்ச் சேரும் நேரம் மூன்று ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்து நான்கானது. பிறகு ஐம்பத்தேழு.

"கொஞ்சம் குலுங்கும், கேட்டீங்களா அத்தான்."

"குலுங்கட்டு. நீ பாத்துக்கோ."

காலையில் வரும்போது நான் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வந்திருந்தேன். இறக்கை ஏன் தூக்குகிறது, இன்ஜின் நின்றால் எவ்வளவு தூரம் மிதக்கலாம். மேகத்துக்குள் போனால் என்ன என்று அவர் கேட்டதற்குத் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துச் சுழற்றிக் காட்டினேன். நம் காதுக்குள் தண்ணீர் நிரம்பிய வளைந்த குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது தண்ணீர் பின்தங்கும். அதை வைத்து மூளை, திரும்புகிறோம் என்று தெரிந்துகொள்ளும். ஆனால் அதே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் தண்ணீரும் குழாயோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். அப்போது நேராகப் போவதாகத் தோன்றும். உண்மையில் நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். கண்ணுக்குத் தரையோ தொடுவானமோ தெரிகிறவரை கண் காதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் திருத்த ஆள் இல்லை. மேகத்துக்குள் பறப்பதற்குத் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் உண்டு, எனக்கு அது கிடையாது, அதனால் நான் உள்ளே போகவே மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். "அது நல்லதாக்கும்" என்று தலையாட்டினார்.

இப்போது நான் எதையும் விளக்கவில்லை. மேகத்தின் அடிப்பாகம் தாழ்ந்துகொண்டே வந்தது. அதற்குக் கீழே இருப்பதற்காக நானும் தாழ்ந்தேன். இரண்டாயிரம் அடி. ஆயிரத்து எழுநூறு. ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே போக நேர்ந்தால் திரும்பிவிடுவேன் என்று கிளம்பும்போது காகிதத்தில் எழுதித் தொடையில் கட்டியிருந்தேன். எப்போதும் எழுதுவேன். ஆயிரத்து ஐந்நூறு வந்தது. அத்தானைப் பார்த்தேன். அவர் அசையாமல் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. சங்குமுகத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் ஐந்து நிமிடம் தாண்டினால் வெளிச்சம். ஆயிரத்து இருநூறுக்கு இறங்கினேன். காற்றாலைகளின் இறக்கை நுனியில் பூசியிருந்த சிவப்புப் பட்டை தெளிவாகத் தெரிந்தது.

திருவனந்தபுரத்தை ரேடியோவில் கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது. இந்த ரேடியோ அலை மலைக்கு அந்தப் பக்கம் வளைந்து போகாது. மறுபடி கூப்பிட்டேன். அந்த ஒரு கணம் கண்ணை ரேடியோவின் எண்களுக்குக் கொடுத்திருந்தேன். நிமிர்ந்தபோது முன்கண்ணாடியில் மழை அறைந்தது. மஞ்சள் வெளிச்சம் இல்லை. காற்றாலைகள் இல்லை. இடது பக்கம் பார்த்தேன், வெள்ளை. கீழே பார்த்தேன், வெள்ளை. இறக்கையின் நுனிகூட அரைகுறையாகத்தான் தெரிந்தது.

என் வாய்க்குள் இரும்பைச் சப்பியதுபோல ஒரு ருசி. வலது பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரியாத இடத்தில், ஐயாயிரம் அடிக்கு மேல் உயரமான மலை. நாம் நேராகத்தான் போகிறோம் என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. செயற்கைத் தொடுவானம் என்று ஒரு கருவி உண்டு. பாதி நீலம், பாதி பழுப்பு, நடுவில் ஒரு கோடு. உள்ளே வேகமாகச் சுழலும் ஒரு சக்கரம் தன் நிலையை விடாமல் பிடித்துக்கொள்வதால், விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அந்தக் கோடு உண்மையான தொடுவானத்தோடு ஒத்து நிற்கும். அந்தக் கோடு சாய்ந்திருந்தது. வலது இறக்கை இருபது டிகிரி தாழ்ந்திருந்தது. நாங்கள் மலையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம்.

நேராக்கினேன். உடனே இடது பக்கம் கவிழ்வதுபோல இருந்தது. கோடு நேராக இருந்தது. உடம்பு கத்தியது. எனக்குப் பறக்கச் சொல்லித்தந்த ரோஸ் மேடம், வெளியே தெரியாதபடி என் நெற்றியில் மறைப்பு மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே சொல்வார்: "சரீரம் நுண பறையும், வேணி. டயல நோக்கு." உடம்பு பொய் சொல்லும். அந்தப் பயிற்சி மொத்தம் சில மணிநேரம். அதுவும் ஒன்பது வருடத்துக்கு முன்னால், பக்கத்தில் அவர் இருக்கும்போது.

அப்போது சுக்கான் என் கையை மீறிப் பின்னால் வந்தது. மூக்கு மேலே எழுந்தது. வேகம் குறைந்தது. ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தேன். பெரியத்தான் தன் பக்கத்துச் சுக்கானை இரண்டு கைகளாலும் பிடித்து, பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடிப்பதுபோல மார்போடு இழுத்துக்கொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. மூக்கு இப்படியே எழுந்துகொண்டு போனால் இறக்கை காற்றின் பிடியை விட்டுவிடும். பிறகு விழுவோம். ஆயிரத்து இருநூறு அடியில் விழுவதற்கு அதிக நேரம் ஆகாது.

"கைய எடும்."

அவர் எடுக்கவில்லை.

"அத்தான், கைய எடும். இல்லேன்னா ரெண்டு பேரும் செத்துப் போவோம்."

அவரிடம் நான் 'எடுங்க' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இருபது வருடத்தில் என் வாயிலிருந்து மரியாதை குறைந்து வந்த அந்த முதல் 'எடும்' அவர் கண்ணைத் திறக்கவைத்தது. கைகள் விலகின. மூக்கை இறக்கினேன். வேகம் திரும்ப வந்தது.

"நான் திரும்புறேன்," என்றேன்.

நான் அனுமதி கேட்கவில்லை.

திரும்புவது எளிது. நொடிக்கு மூன்று டிகிரி. நூற்றெண்பது டிகிரிக்கு அறுபது நொடி. நாங்கள் போன வேகத்தில் அந்த அரைவட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் அகலம் வேண்டும். கணவாய்க்குள் நுழையும்போதே வலது ஓரமாக ஒட்டிப் பறந்திருந்தேன். அப்படிப் பறந்தால், திரும்ப நேர்ந்தால் இடது பக்கம் முழுப் பள்ளத்தாக்கும் கிடைக்கும். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. ஆனால் மேகத்துக்குள் எவ்வளவு நேரம் வலது பக்கம் சாய்ந்து போனேன் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நொடியா, இருபது நொடியா? அந்தக் கணக்கு இல்லாமல் பள்ளத்தாக்கின் மற்ற கணக்குகளுக்கு அர்த்தமில்லை.

என் கண் அந்தக் கோட்டை விடக் கூடாது. அவர் கைகளுக்கும் ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும்.

"அத்தான், இந்த வட்டத்தப் பாருங்க. கீழ் வரிசையில நடுவுல. உச்சியில என்ன எண் வருதோ அதைச் சத்தமா வாசிங்க. நிறுத்தாதீங்க."

திசைகாட்டும் வட்டம் அது. முந்நூற்றறுபது டிகிரியை முப்பத்தாறாகச் சுருக்கி எழுதியிருக்கும். மேற்கு இருபத்தேழு, தெற்கு பதினெட்டு. அவருக்குக் கண்ணாடி இல்லை. தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கி, பிறகு என் முழங்கையைத் தாண்டிக் கையை நீட்டி வட்டத்தின் கண்ணாடிமேலேயே ஒரு விரலை வைத்தார்.

"இருவத்தாறு," என்றார். "இருவத்தஞ்சு."

அதற்குள் இடது பக்கம் பதினைந்து டிகிரி சாய்த்திருந்தேன். கோடு சாய்ந்து நின்றது. கொஞ்சம் மூக்கை உயர்த்தினேன், திரும்பும்போது விமானம் உயரத்தை இழக்கும் என்பதால்.

"இருவத்திநாலு."

உடம்பு, இன்னும் அதிகமாகச் சாய்கிறாய் என்றது. கோடு, இல்லை என்றது.

"இருவத்தொண்ணு. மழையில ஒண்ணும் தெரியல்ல வேணி."

"வெளியப் பாக்காதீங்க. வாசிங்க."

"பத்தொம்பது. பதினெட்டு."

காற்று எங்களை ஒரு முறை தூக்கிப் போட்டது. என் தலை கூரையில் இடித்தது. கோடு கலைந்து, ஆடி, மறுபடி வந்து நின்றது. அவர் விரல் வட்டத்திலிருந்து வழுக்கி விலகியது. தடவித் தடவித் திரும்ப வந்தது.

"பதினாறு," என்றார். "பதினாலோ, பதினஞ்சோ. பதினாலு."

முன்னால் வெள்ளைக்குள் கறுப்பாக ஏதோ கனத்தது. மலையா, கனத்த மேகமா? பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்தால் கோட்டை விட வேண்டும். பார்க்கவில்லை. என் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. மோதுகிற சத்தம் எப்படியிருக்கும் என்று ஒரு பாதி மனம் காத்துக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டு. பத்து. ஒம்பது. வேணி, ஒம்பது."

"சொல்லுங்க."

"எட்டு. ஏழு."

நேராக்கினேன். வலது பக்கம் கவிழ்வதாக உடம்பு மறுபடி கத்தியது. அதை அப்படியே கத்தவிட்டேன். "ஏழு," என்றார் அவர். "ஏழுலயே நிக்குது." எத்தனை முறை சொன்னார் என்று நான் எண்ணவில்லை. வெள்ளை சாம்பலானது. சாம்பலில் பச்சையாக ஒரு கிழிசல். பிறகு ஒரே அடியாகத் தரை, சாலை, அதில் போகிற ஒரு லாரி, காற்றாலைகள். இடது இறக்கைக்குக் கீழே ஒரு காற்றாலை, அதன் இறக்கை மேகத்துக்குள் போய்ப் போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அது அவ்வளவு பக்கத்தில் இருக்கக் கூடாது.

மேலே ஏறினேன். இரண்டாயிரத்து ஐந்நூறில் தூத்துக்குடியின் குரல் தெளிவாக வந்தது. மேகம், திரும்பி வருகிறோம் என்று சொன்னேன். எல்லாம் சரிதானே என்று கேட்டார்கள். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மணி மூன்று நாற்பத்தொன்று.

பணகுடிக்கு மேலே வரும்போது பெரியத்தான் சொன்னார்.

"அந்தக் காத்தாடி எல்லாம் அந்தப் பக்கம் பாத்து நின்னப்பவே எனக்குத் திரும்பணும்னு தோணிச்சு."

நான் அவரைப் பார்த்தேன்.

"கருத்துக் கெடந்ததுல்லா. எனக்கு நல்ல பேடியாக்கும், நெஞ்செல்லாம் பயம். அப்பயிருந்து சாமி நாமம்தான் சொல்லிட்டிருந்தேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"ஓட்டுறது நீ. நான் திரும்புன்னா, இவ மேல நம்பிக்கையில்லன்னு ஆவாதா?" வேட்டியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ ஏன் திரும்பல?"

"ஆறாட்டு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் கணவாய் இருந்த இடமே தெரியவில்லை. மகேந்திரகிரியிலிருந்து தெற்கே ஒரே சுவர். அந்தச் சுவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. எங்களுக்குப் பின்னாலேயே சமவெளிக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது. அதன் நிழல் எங்களை முந்திக்கொண்டு வயல்களின்மேல் ஓடியது. தூத்துக்குடிக்கு இன்னும் இருபது நிமிடம். விமானத்துக்குள் வெளிச்சம் குறைந்தது. முன்கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது, சற்றுப் பொறுத்து இன்னொன்று.

பெரியத்தான் தானாகவே முன்னால் சாய்ந்து, என் முழங்கைக்கு மேலாகக் கையை நீட்டி, வட்டத்தின் கண்ணாடியில் விரலை வைத்தார். நகத்தில் குழந்தைக்குப் பூசிய மஞ்சள் ஒட்டியிருந்தது.

"ஏழு," என்றார். "ஏழு. ஏழு."